உச்சி இருக்கட்டும், வவுச்சர் எங்கே?

செய்தித்தாளில் வருஷத்துக்கு நாலைந்து முறையாவது இந்தப் புகைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் வெள்ளை வெளேரென்று பனி. நடுவே கறுப்புக் கண்ணாடியும் உப்பிய கோட்டுமாக ஒருவர். கையில் தேசியக் கொடி. கீழே, ‘ஐரோப்பாவின் மிக உயரமான எல்பிரஸ் சிகரத்தில் நம் ஊர்க்காரர். உயரம் 5642 மீட்டர்’ என்று ஒரு வரி. அடுத்த வாரம் பாராட்டு விழா, சால்வை, பூங்கொத்து. மேடையில் பேசுகிற ஐந்து பேரும் அந்த 5642-ஐத் தப்பில்லாமல் சொல்வார்கள்.

‘அது சரி சார், எந்த வழியாப் போனீங்க?’ என்று மட்டும் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.

நான் கேட்கச் சொல்கிறேன். ஒரு மலையின் உச்சியைத் தொடுவது சின்ன விஷயம். எந்த வழியாகத் தொட்டார் என்பதுதான் விஷயமே. அதிலும் யாரும் போகாத பாறைச் சுவரில் முதல்முறையாக ஒரு வழியைக் கண்டுபிடித்து ஏறுகிறவனுக்கு நாம் காட்டுகிற மரியாதை பூஜ்யம். இது அநியாயம் என்பது என் கட்சி.

எல்பிரஸ் எங்கே இருக்கிறது? ரஷ்யாவின் தெற்கு ஓரத்தில், கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவே நீளுகிற காகசஸ் மலைத்தொடரில். அது ஒரு தூங்குகிற எரிமலை. கவிழ்த்துவைத்த சட்டி மாதிரி உருண்டையான பனிக்குன்று, மேலே இரண்டு உச்சிகள். தெற்குப் பக்கத்தில் அஸாவ் என்ற இடத்தில் கேபிள் காரில் உட்கார்ந்தால் சுமார் 3850 மீட்டரில் இறக்கிவிடுவான். அங்கிருந்து பனியில் ஓடுகிற பெல்ட் வண்டி ஒன்று உண்டு. ரட்ராக் என்று பெயர். காசு கொடுத்தால் கிட்டத்தட்ட 5000 மீட்டர் வரைக்கும் கொண்டுபோய் விடுவார்கள். மிச்சமிருப்பது அறுநூற்றுச் சொச்சம் மீட்டர். அதைத்தான் ஏறவேண்டும்.

உடனே சட்டையைப் பிடிக்காதீர்கள். அந்த அறுநூறு மீட்டர் லேசு என்று நான் சொல்லவில்லை. அந்த உயரத்தில் நமக்குப் பழக்கமான காற்றில் பாதிதான் உண்டு. பத்தடி வைத்தால் நெஞ்சு அடைக்கும். வண்டியைத் தொடாமல் கீழேயிருந்து நடந்தே ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கும்பிடு. 2021 செப்டம்பர் 23 அன்று 19 பேர் கொண்ட ஒரு கட்டணக் குழு அங்கே புயலில் மாட்டிக்கொண்டது. ஐந்து பேர் செத்துப்போனார்கள். எல்பிரஸ் விளையாட்டு இல்லை. இடுப்பில் கட்டின பணம், மேலே அடிக்கிற காற்றை நிறுத்தாது.

ஆனால் ஏன் அத்தனை பேரும் அந்த ஒரு மலைக்கே ஓடுகிறார்கள்? அங்கேதான் வியாபாரம் வருகிறது. டெக்ஸாஸைச் சேர்ந்த டிக் பாஸ் என்ற தொழிலதிபர் ஏழு கண்டங்களின் உயர்ந்த சிகரங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டு 1985-ல் முடித்தார். அதற்குப் பிறகு அது ஒரு பட்டியலாகிவிட்டது. பட்டியல் வந்தால் பாக்கேஜ் வரும். பாக்கேஜ் வந்தால் சர்டிபிகேட் வரும். ஐரோப்பாக் கட்டத்தில் எல்பிரஸுக்கு நேரே டிக் அடிக்கவேண்டும், அவ்வளவுதான். காகசஸில் வேறு மலைகளே இல்லாத மாதிரி.

எல்பிரஸ் சரிவில் நின்று தென்கிழக்கே திரும்பிப் பார்த்தால் இரண்டு கொம்பு நீட்டிக்கொண்டு ஒரு மலை தெரியும். பெயர் உஷ்பா. ஜார்ஜியா நாட்டின் ஸ்வானேதி பகுதியில், எல்லையை ஒட்டி நிற்கிறது. உயரம் 4710 மீட்டர். எல்பிரஸைவிட 932 மீட்டர் குறைச்சல். நம் மேடைக் கணக்குப்படி இது ஃபெயில். ஆனால் உலகத்து மலையேறிகள் ‘உஷ்பா’ என்று சொல்லும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கேபிள் கார் கிடையாது. வண்டி கிடையாது. நாலு பக்கமும் செங்குத்துப் பாறையும் உடைகிற பனியும்தான்.

நான் காமர்ஸ் படித்தவன். எனக்கு மலையைவிடக் கணக்குப் புத்தகம் நன்றாகப் புரியும். ஒரு கம்பெனி, ‘லாபம் 5642 ரூபாய்’ என்று எழுதிக் கொண்டுவந்தால் ஆடிட்டர் கையெழுத்துப் போடுவாரா? மாட்டார். வவுச்சர் எங்கே என்பார். எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, யார் வாங்கினார்கள். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். உச்சியின் உயரம் என்பது கடைசி வரியில் இருக்கிற மொத்தத் தொகை. வழி என்பது வவுச்சர். நாம் என்னடாவென்றால் மொத்தத் தொகைக்கே சால்வை போர்த்திக்கொண்டிருக்கிறோம்.

பாறையில் புது வழி போடுவது என்றால் என்ன? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் நாள்கணக்கில் கீழே உட்கார்ந்து பைனாகுலரில் சுவரைப் படிப்பார்கள். எந்த விரிசல் எதுவரைக்கும் போகிறது? எந்த இடத்தில் தண்ணீர் ஒழுகுகிறது? கல் எப்போது விழுகிறது? ராத்திரியில் பனி உறைந்து கற்களைப் பிடித்துவைத்திருக்கும். வெயில் ஏறினால் பிடி தளரும், கல் மழை ஆரம்பிக்கும். ஆகவே எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு வெயில் படும் என்பது உயிர் சமாச்சாரம்.

பிறகு ஒருத்தன் முன்னே ஏறுவான். இன்னொருத்தன் கீழே நின்று கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவான். முன்னே போகிறவன் விரிசல் கிடைத்த இடத்தில் ஓர் இரும்பு ஆணியையோ உலோக ஆப்பையோ பதித்து, கயிற்றை அதில் மாட்டிக்கொண்டு மேலே போவான். கடைசி ஆணிக்கு மேலே ஐந்து மீட்டர் ஏறியிருக்கிறான், கை நழுவுகிறது என்று வையுங்கள். ஐந்து இல்லை, பத்து மீட்டர் விழுவான். கயிறு இழுபட்டு நீள்வது தனி. அந்த ஆணி தாங்கினால் பிழைத்தான். தாங்குமா என்று அடிக்கும்போது கேட்கிற சத்தத்தை வைத்துத்தான் தீர்மானிக்கவேண்டும்.

அந்த விரிசல் திடீரென்று முடிந்துபோனால்? மேலே கை வைக்க இடமே இல்லாவிட்டால்? திரும்பி இறங்கவேண்டும், அல்லது பக்கவாட்டில் வேறு விரிசல் தேடவேண்டும். ராத்திரியானால் சுவரிலேயே கயிற்றில் தொங்கிக்கொண்டு தூக்கம். இரண்டாவதாக அந்த வழியில் வருகிறவனுக்கு இந்தப் பிரச்னை பாதி கிடையாது. ‘வலப்பக்க விரிசல் போகும், இடப்பக்கம் போகாது’ என்று எழுதின குறிப்பு அவன் சட்டைப்பையில் இருக்கும். வினாத்தாள் லீக் ஆன பரீட்சை மாதிரி. முதல் ஆளுக்கு வினாத்தாளும் கிடையாது, அந்தப் பரீட்சைக்கு விடை என்று ஒன்று இருக்கிறதா என்றே தெரியாது.

வெறுமனே ஏறி இறங்கினால் போதாது. கணக்கு ஒப்பிக்கவேண்டும். சோவியத் காலத்து மலையேறிகள் இதில் கில்லாடிகள். புது வழி போட்ட குழு ஓர் அறிக்கை தரும். அதில் ஒரு பட்டியல். சுவரைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் எத்தனை மீட்டர், எவ்வளவு சாய்வு, எவ்வளவு கஷ்டம், எத்தனை பாறை ஆணி, எத்தனை பனி ஆணி, எத்தனை இடத்தில் துளை போட்டு போல்ட் இறுக்கினோம், எத்தனை மணி நேரம் ஆனது என்று கட்டம் கட்டி எழுதுவார்கள். பார்த்தால் எந்த ஆடிட்டரும் கண்ணில் ஒற்றிக்கொள்வார். போல்ட்டுக்கென்று தனிக் கட்டம் இருப்பதைக் கவனியுங்கள். பாறையில் துளை போட ஆரம்பித்துவிட்டால் எந்தச் சுவரிலும் ஏறிவிடலாம், ஏணி சாத்துகிற மாதிரி. ஆகவே எத்தனை துளை என்பதை மறைக்கக்கூடாது. மறைத்தால் அது கள்ளக் கணக்கு.

சோவியத் ஆட்சியை நான் தூக்கிவைத்துப் பேசவில்லை. அங்கேயும் பாயிண்ட்டுக்கும் சாம்பியன்ஷிப்புக்கும் அடிதடி இருந்தது. விட்டாலி அபலகோவ் என்று ஒரு மேதை. மத்திய ஆசியாவின் கான் தெங்ரி மலையில் 1936-ல் பனிக்கடியில் விரல்களை இழந்தவர். 1938-ல் அவரையே ஜெர்மன் உளவாளி என்று பிடித்து உள்ளே போட்டார்கள். வெளியே வந்து, மிச்சமிருந்த விரல்களோடு மறுபடி மலை ஏறினார். பனியில் இரண்டு துளையைச் சந்திக்கவைத்துக் கயிறு கோக்கிற ‘அபலகோவ் முறை’யை இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அரசாங்கம் அக்கிரமம் செய்தது. ஆனால் மலையேறிகளின் அந்தக் கட்டம் போட்ட காகிதம் நேர்மையாக இருந்தது. நான் இரண்டாவதைத்தான் கடன் கேட்கிறேன்.

உஷ்பாவின் தெற்கு உச்சியில் ‘கண்ணாடி’ என்று ஒரு சுவர் இருக்கிறது. பெயரே சொல்கிறது, பிடி கிடையாது. 1964-ல் அதில் வழி போட்ட குழுவின் தலைவர் மிகைல் ஹெர்கியானி. 1932-ல் அதே மலையடிவாரத்தில், மெஸ்டியா என்ற ஊரில் பிறந்தவர். கல் கோபுரங்கள் வைத்த பழைய ஊர் அது. ‘பாறைகளின் புலி’ என்று அவருக்குப் பட்டப்பெயர். அந்தத் தலைமுறை சோவியத் பாறையேறிகள் பலர் காலில் என்ன போட்டிருந்தார்கள் தெரியுமா? மழைக்கு பூட்ஸுக்கு மேல் மாட்டுகிற ரப்பர் கலோஷ். அதைக் கயிற்றால் காலோடு கட்டிக்கொண்டு ஏறினார்கள். 1969 ஜூலையில் இத்தாலியின் டோலமைட் மலையில் ஏறிக்கொண்டிருந்தபோது கல் விழுந்து ஹெர்கியானியின் கயிற்றை அறுத்துவிட்டது. வயது 37. மெஸ்டியாவில் அவர் வீட்டை மியூசியமாக வைத்திருக்கிறார்கள். அவர் ஊர்க்காரர்களிடம் போய் ‘உஷ்பா 4710 மீட்டர்தானே’ என்று சொல்லிப் பாருங்கள்.

அந்த ஊர்க்காரர்களுக்கு வழியின் மதிப்பு முன்பே தெரியும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. நடந்த கதை. 1903-ல் ஒரு ஜெர்மன்-ஆஸ்திரியக் குழு உஷ்பாவின் தெற்கு உச்சிக்கு முயற்சி செய்தது. அதுவரை அந்த உச்சியை யாரும் தொட்டதில்லை. குழுவில் செஞ்சி ஃபான் ஃபிக்கர் என்ற பெண்ணும் இருந்தார். மேலே கஷ்டமான இடத்தில் முன்னே போன அடால்ஃப் ஷுல்ட்ஸே விழுந்து அடிபட்டார். உச்சியைத் தொடாமலே, காயம்பட்டவரையும் கூட்டிக்கொண்டு எல்லாரும் இறங்கினார்கள். நம் கணக்கில் இது தோல்வி. அந்தப் பகுதியின் பிரபு ததேஷ்கெலியானி என்ன செய்தார்? அந்தப் பெண்ணின் துணிச்சலை மெச்சி, உஷ்பா மலையையே அவர் பெயருக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார்! உச்சியைத் தொடாதவருக்கு மலையே பரிசு. நாமாக இருந்தால் ‘சர்டிபிகேட் எங்கேம்மா?’ என்று கேட்டிருப்போம்.

(அதே ஷுல்ட்ஸே அந்தக் கோடையிலேயே, காயம் சரியாக ஆறுவதற்குள், வேறு நாலு பேரோடு திரும்பிப் போய் அந்த உச்சியைத் தொட்டார். அது வேறு பிடிவாதம்.)

‘எல்லாம் சரிய்யா, இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?’ என்று ஒரு குரல் கேட்கிறது. எப்போதும் கேட்கிற குரல். இதற்கும் காமர்ஸ்காரனாகவே பதில் சொல்கிறேன்.

ஆல்பர்ட் மம்மரி என்று ஓர் ஆங்கிலேயர். டோவர் ஊரில் தோல் பதனிடும் தொழில் செய்தவர். 1888-ல் காகசஸின் டிக்-தாவ் சிகரத்தில், 5205 மீட்டர், ஸுர்ஃப்ளூ என்ற ஸ்விஸ் வழிகாட்டியோடு பாறை வழியாக முதன்முதலில் ஏறினார். மலையை நேர்மையான வழியில்தான் ஜெயிக்கவேண்டும், தில்லுமுல்லு கூடாது என்பது அவர் கொள்கை. அடுத்த வருஷமே, 1889-ல், ஹாப்சன் என்பவரோடு சேர்ந்து பொருளாதாரப் புத்தகம் ஒன்று எழுதினார். எல்லாரும் செலவே செய்யாமல் சேமித்துக்கொண்டே போனால் நாட்டுக்குக் கேடு என்பது அதன் சாரம். சிக்கனம்தான் புண்ணியம் என்று நம்பிய காலம். அந்தப் புத்தகத்தால் ஹாப்சனின் விரிவுரையாளர் வேலைக்கே வேட்டு வந்தது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்து, 1936-ல், கெய்ன்ஸ் தன் புகழ்பெற்ற நூலில் அந்தப் புத்தகத்தை எடுத்துப்போட்டுப் பாராட்டினார்.

மலை ஏறியதால் மம்மரிக்குப் பொருளாதாரம் வந்தது என்று கதை விடமாட்டேன். ஆனால் யாரும் போகாத பாறையில் காலை வைக்கிற மனசும், எல்லாரும் நம்புகிற கணக்கைத் தப்பு என்று சொல்கிற மனசும் அந்த ஒரே மனுஷரிடம் இருந்தன. போட்ட பாதையில் மட்டுமே போகப் பழகின ஊரில் அந்த மனசு எங்கே முளைக்கும்? பிரயோஜனம் கேட்கிறவர்கள் இந்த லாபத்தையும் ஒரு கட்டத்தில் எழுதிக்கொள்ளட்டும். நஷ்டத்தையும் எழுதவேண்டியதுதான். மம்மரி 1895-ல் இமயத்தின் நங்க பர்பத்தில், ரகோபீர், கோமன் சிங் என்ற இரண்டு கூர்க்காக்களோடு காணாமல் போனார். மூவர் உடலும் கிடைக்கவில்லை. புது வழி தேடுவதில் உயிர்ச்செலவு உண்டு. அதை மறைத்துப் பேசினால் நானும் கள்ளக் கணக்கு எழுதுகிறவனாகிவிடுவேன்.

இன்னொரு நியாயமான ஆட்சேபம் இருக்கிறது. வவுச்சர் கேட்பது யார், யாரிடம் என்பது. 1829-ல் ரஷ்ய ஜெனரல் எம்மானுவேல் ஒரு படையோடு எல்பிரஸ் அடிவாரத்துக்கு வந்தார். கூட வந்த அறிஞர்களெல்லாம் பாதி வழியில் களைத்துத் திரும்ப, கில்லார் என்ற உள்ளூர் வழிகாட்டி மட்டும் கிழக்கு உச்சி வரை போனார். ஜெனரல் கீழேயிருந்து தொலைநோக்கியில் பார்த்தார். அத்தனை பெரிய சாட்சி இருந்தும் பிற்காலத்து ஆங்கிலேயர்கள் சிலர் அதை நம்பவில்லை. 1868-ல் ஃப்ரெஷ்ஃபீல்டு குழு ஏறியதைத்தான் முதல் ஏற்றம் என்று ரொம்ப நாள் எழுதிக்கொண்டிருந்தார்கள். கோட்டு போட்டவன் சொன்னால் வார்த்தையே போதும், ஆட்டுத்தோல் போட்டவன் சொன்னால் ஆதாரம் வேண்டும். இந்த அயோக்கியத்தனத்துக்குப் பெயர் தணிக்கை இல்லை.

அதற்காகக் கேட்பதையே விட்டுவிடலாமா? கூடாது. எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்கவேண்டும். ஏன் என்பதற்கும் காகசஸிலேயே உதாரணம் உண்டு. 1888-ல் டான்கின், ஃபாக்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள், ஸ்ட்ரைஷ், ஃபிஷர் என்ற இரண்டு ஸ்விஸ் வழிகாட்டிகளோடு அங்கே வழி தேடிப் போய்த் திரும்பவில்லை. பழி யார்மேல் விழுந்தது? பக்கத்துக் கிராமத்து ஏழைகள்மேல். கொள்ளையடித்துக் கொன்றிருப்பார்கள் என்று சந்தேகம். மறு வருஷம் கிளின்டன் டென்ட் தலைமையில் ஒரு குழு போய், நாலு பேரும் மலையில் போன வழியை அடி அடியாகத் தேடியது. உயரத்தில், பாறை நடுவே, அவர்கள் கடைசியாகத் தங்கிய இடம் கிடைத்தது. சாமான்கள் வைத்தது வைத்தபடி. கொள்ளை இல்லை, கொலை இல்லை, மலைதான் விழுங்கியிருக்கிறது என்று தெரிந்தது. வழியைத் தேடிப் பார்த்ததால் கிராமத்துக்காரர்கள் பிழைத்தார்கள். வெறும் உச்சிக் கணக்கு வைத்திருந்தால் அவர்கள் கதி?

ஆகவே, அடுத்த முறை உங்கள் ஊரிலோ பள்ளிக்கூடத்திலோ ஆபீசிலோ ஒரு சிகரவீரருக்குப் பாராட்டு விழா நடந்தால், தயவுசெய்து போங்கள். கைதட்டுங்கள். பிறகு எழுந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த வழியாப் போனீங்க? உங்களுக்கு முன்னாடி கயிறு கட்டினது யார், அவர் பேர் என்ன? எந்த இடத்திலே திரும்பிடலாம்னு தோணுச்சு?

நிஜமாக ஏறினவர் முகம் மலர்ந்துவிடும். மணிக்கணக்கில் பேசுவார். மேஜைமேல் இருக்கிற டம்ளரையும் மைக்கையும் நகர்த்திவைத்து, இதுதான் அந்த விரிசல், இதுதான் அந்தச் சரிவு என்று காட்ட ஆரம்பிப்பார். 5642 என்ற எண் அவர் வாயில் வரவே வராது. மற்றவர்கள் சர்டிபிகேட்டை எடுத்துக் காட்டுவார்கள். சால்வையை யாருக்குப் போர்த்துவது என்று அப்போது நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.